பூசைக் கூடையில் ஒரு சோப்பு

எனக்கு வாய் நீளம். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அந்த வேலை போனதற்கும் இந்த வாய்தான் காரணம். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, "கேள்வி மட்டும் கேளுங்கள், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், புத்திமதி சொல்லக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது" என்று ஒரு வேலையைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் ஒத்துக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியோடு சண்டை போடுவதைவிட அது மேல் என்று தோன்றியது.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கோழிப்பண்ணைகளுக்கு மத்தியில் ஓர் ஊர். அங்கே பழைய சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடித்து, புதன்கிழமை தோறும் குடியை நிறுத்த மருத்துவம் பார்த்தார்கள். சேலத்திலிருந்து ஒரு டாக்டர் வருவார். ஒரு நர்சம்மா, பேசித் தேற்றுவதற்கு ஓர் ஆள், இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். கட்டில் கிடையாது. வந்து, பேசி, மாத்திரை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். படுக்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. இருந்தாலும் கூலி வேலையை விட்டுவிட்டு யார் போய்ப் படுப்பார்கள்? இப்படி வந்து போனாலே குடி நிற்குமா, நிற்காதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. நாங்கள் சொல்வதை வைத்து, புதன்கிழமை மருத்துவத்தை நடத்துவதா, மூடுவதா என்று மேலே இருப்பவர்கள் முடிவெடுப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. என் தம்பியைக் குடியை மறக்கவைக்கச் சேலத்தில் ஒரு விடுதியில் திரும்பத் திரும்பச் சேர்த்தோம். கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும்வரை தங்கமாக இருப்பான். மூஞ்சி தெளிந்து, தலை வாரி, அக்கா என்று கூப்பிடும்போதே கண் கலங்குவான். கூட்டிக்கொண்டு வருகிற வழியில், பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கி வருகிறேன் என்று போவான். அப்புறம் அவனைத் தேட வேண்டும். இப்போது தேடுவதற்கு அவன் இல்லை. பூட்டுப் போட்டே நிற்காதது, பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினால் நின்றுவிடுமா? மனசுக்குள் இப்படிக் கேட்டுக்கொண்டேதான் முதல் புதன்கிழமை போய் இறங்கினேன்.

போன அன்றே ஒரு வேடிக்கை பார்த்தேன். வருகிற ஆண்கள் ஒருத்தர்கூடக் குடிக்கு மருந்து வேண்டும் என்று கேட்பதில்லை. வாசலில் நின்று, ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏனுங், சுகர் மாத்திர எங்க குடுக்கறாங்க?" என்பார்கள். அந்த இடத்தில் சர்க்கரைக்கு மருந்தே கிடையாது. ஆனால் நர்சம்மா ஒருநாளும் சிரித்ததில்லை, திருத்தியதும் இல்லை. "இங்கதானுங்க, உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டுவார். ஊர்க்காரர்களும் அதைச் சுகர் ஆஸ்பத்திரி என்றேதான் சொன்னார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்த மரியாதையை மட்டும் யாரும் கெடுப்பதில்லை.

என் பங்குக்கு வந்த வீடுகளில் ஒன்று அந்த வெல்டருடையது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், கன்னத்தில் தீப்பொறி பட்ட புள்ளிகள். என் கையிலிருந்த கேள்விகளை யார் எழுதினார்களோ, நல்லா இருக்கட்டும். "கடந்த முப்பது நாட்களில் தாங்கள் எத்தனை முறை மது அருந்தினீர்கள்?" என்று வாசித்தேன். அந்த மனிதர் என் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"அருந்தறதெல்லாம் பெரிய எடத்துலங்க மேடம். நாங்க குடிக்கறதுதானுங்க."

சமையலறைக்குள்ளிருந்து அவர் மனைவி சிரித்தது கேட்டது. நானும் சிரித்துவிட்டேன். முகத்தைச் சுளிக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

அந்தப் பெண் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயதில் ஒரு மகள். அந்தப் பெண்ணின் வேலைகளில் முக்கியமானது, காலையில் பண்ணைக்குக் கிளம்புமுன் கணவன் மாத்திரை போடுவதை எதிரில் நின்று பார்ப்பது. போட்டுக்கொண்டதும், "ஆ காட்டுங்க" என்பாள். அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். மகள் பக்கத்தில் நின்று தன் வாயையும் திறந்து காட்டும்.

குடிக்கும் ஆசையைத் தின்றுவிடுகிற மாத்திரை இல்லை அது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது. முகம் ரத்தமாகச் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நிறையக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுத்திருந்தார்கள்.

"சவரம் பண்ணிட்டுத் தடவறாங்கல்ல வாசனத் தண்ணி, அதுகூட ஆகாதாமுங்க்கா" என்றாள் அவள். "கைல கீல பட்டுச்சுன்னா ஒடனே சோப்புப் போட்டுக் கழுவிப்போடச் சொல்லியிருக்காங்க நர்சம்மா. இருமல் மருந்துகூடக் கேக்காம குடிக்கப்படாதாம்."

மாதங்கள் போயின. நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று கூடியிருந்தது. ஒருமுறை கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள், அவரே பற்றவைத்தது. இன்னொருமுறை மகளுக்கு இரும்பில் ஒரு சின்ன நாற்காலி. கை நடுங்குகிற வெல்டருக்குப் பட்டறையில் யாரும் நல்ல வேலை கொடுக்க மாட்டார்கள். இப்போது லாரி கேபின் கட்டும் வேலையே கொடுக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, என் கேள்விகளில் அதை எழுத இடமே இல்லை. ஓரத்தில் எழுதினேன். ஆனாலும் எனக்குள் ஒரு மூலையில் என் தம்பி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கப் போய்க்கொண்டே இருந்தான். பார்க்கலாம், பார்க்கலாம் என்றேதான் சொல்லிக்கொண்டேன்.

ஆடி கழிந்து ஒருநாள் போனபோது அவள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம முனியப்பனுக்குக் கெடா வெட்டறோமுங்க. நீங்க கட்டாயம் சோறு உண்ண வரோணும்."

"என்ன விசேஷம்?"

"வேண்டுதலுங்க. இவரு குடிய உட்டுட்டா கெடா வெட்டி, பாட்டல் வெச்சுப் பூச போடறேன்னு வேண்டியிருந்தேன்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் வெடித்துச் சிரித்துவிட்டேன். குடியை விட்டதற்குப் பாட்டிலா! எங்கள் பக்கத்து முனியப்பனுக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பது வழக்கம்தான், தெரியாதா எனக்கு? ஆனாலும் இப்படி ஒரு வேண்டுதலை எங்களவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாராவது வேண்டுவார்களா?

அவளும் சிரித்தாள். "அப்ப இருந்த இருப்புல எதைங்க யோசிச்சேன்? எல்லாரும் வேண்டறாப்புல நானும் வேண்டிப்போட்டேன். வாய்ல வந்துருச்சு, சாமி காதுல உளுந்துருச்சு."

சிரிப்பு அடங்கும்போதுதான் எனக்கு அடுத்தது உறைத்தது. சாமிக்கு வைக்கிற பாட்டில் சாமியிடமே நின்றுவிடாது. சூடம் காட்டி முடிந்ததும் பூசாரி அதை எடுத்துக் கொடுப்பார். வேண்டுதல் யாருடையதோ அந்த வீட்டு ஆண்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். அப்புறம் பங்காளிகள். அது பிரசாதம். வேண்டாம் என்றால் சாமி குற்றம்.

"ஐயோ, அந்த மாத்திரையோட ஒரு வாய் போனாக்கூட..." என்று ஆரம்பித்தேன். புத்திமதி சொல்லக் கூடாது என்ற சட்டமெல்லாம் காற்றில் போய்விட்டது. "தேதியைத் தள்ளிப்போடுங்க. பாட்டில் இல்லாம பண்ணுங்க. டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

"ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சுங்க்கா. இவரோட அண்ணந்தான் முன்ன நின்னு எல்லாத்தையும் பண்றாரு." சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்குத் தெரியுமுங்க. நீங்க சோறு உண்ண வாங்க."

என்ன தெரியும் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே வந்து எங்கள் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவருக்குப் போன் போட்டேன். சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் தலையிட வேண்டாம் மேடம். போய்ப் பாருங்கள், நடப்பதை எழுதுங்கள். நாம் சோதிக்க விரும்புவதே அதைத்தானே" என்றார். ஒரு ஆள் செத்துப்போவதைச் சோதித்து எழுத வேண்டுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டேன். பிறகு நர்சம்மாவுக்குப் போட்டேன். அவர் பதறினார். மாத்திரையை இப்போது நிறுத்தினாலும் ஞாயிறு வரைக்கும் உடம்பில் இருக்கத்தான் செய்யும், ஒரு மடக்குக்கூடக் கூடாது, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் நானே பேசறேன் என்றார். பேசியும் இருக்கிறார். அவரிடமும் அந்தப் பெண், "தெரியுமுங்க சிஸ்டர்" என்றுதான் சொன்னாளாம்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். முனியப்பன் ஊருக்கு வெளியே சோளக்காட்டு ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இருந்தார். கோயில் என்று கட்டடம் இல்லை. பெரிய மீசை, உருட்டிய கண், கையில் அரிவாள், எதிரில் பலிபீடம். அந்தப் பக்கம் பந்தல் போட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் கோழிப்பண்ணை வாடை வந்தது.

வெல்டர் குளித்து ஈர வேட்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம்" என்று கும்பிட்டார். அவர் மனைவி பூசைக் கூடையை இடுப்பில் வைத்திருந்தாள். தேங்காய், பழம், வெற்றிலை, சூடம், பூ. அதற்கெல்லாம் அடியில் ஒரு துணி துவைக்கும் சோப்பு, காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தது. மறந்து போட்டுவிட்டாள் போல என்று நினைத்தேன். பயத்தில் அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்றுகூட நினைத்தேன்.

பாட்டில் அண்ணன் கையில் இருந்தது. அண்ணன் தம்பியைவிடப் பருமன். தம்பியைப் பட்டறையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். சேர்த்துவிட்ட அன்றே முதல் கிளாஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான் என்று தம்பி என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். சாமிக்கு வைக்கக் குவாட்டர் போதும். அண்ணன் வாங்கி வந்திருந்ததோ முழுப் பாட்டில். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் பங்காளிகள் கூட்டம், எல்லார் கண்ணும் அதன்மேல்.

கிடா வெட்டி முடிந்தது. பொங்கல் பொங்கியது. பூசாரி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டுப் பாட்டிலுக்காகக் கை நீட்டினார். அப்போதுதான் அவள் முன்னால் வந்தாள்.

"பூசாரிய்யா, பூக் கேட்டுப் பாக்கலாமுங்களா? பாட்டல் இல்லாம பூசைய ஏத்துக்குவாரான்னு."

"அட, வேண்டுனத மாத்தப்படாதுங்க" என்று அண்ணன் உடனே குறுக்கே விழுந்தார். "சாமிகிட்ட வெளையாடாத புள்ள."

"நான் எங்கீங் மாத்தறேன்? அவரத்தான் கேக்கச் சொல்றேன்."

பூக் கேட்பது அங்கே யாரும் மறுக்க முடியாத விஷயம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒரே மாதிரி மடித்து சாமி காலடியில் போடுவார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் சம்மதமில்லை. பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். மகளைக் கூப்பிட்டு, "சாமிய நெனச்சுட்டு ஒண்ண எடு சாமி" என்றார். குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தது.

எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் நான் வேண்டிய வேண்டுதல் முனியப்பனுக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தைப் பிரித்தார்கள். சிவப்பு.

பங்காளிகள் பக்கம் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? அவரு கேக்கறாருங்க!" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினார். அந்தத் திருகும் சத்தம் கேட்டதும் வெல்டரின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். என் தம்பியின் தொண்டையும் அப்படித்தான் ஏறி இறங்கும்.

அவளோ கொஞ்சமும் அசரவில்லை.

"செரி. சாமி கேட்டுப்போட்டாரு, குடுத்தறலாம்" என்றாள். "முழுசும் குடுத்தறலாம். ஒட்டுக்கா ஊத்திப்போடுங்க."

"ஊத்தறதா?"

"பின்ன? சாமிக்கு வேணும்னா சாமி குடிக்கட்டும். நான் அவருக்குத்தான வேண்டுனேன், உங்குளுக்கா வேண்டுனேன்?"

யாரோ ஒருத்தி பந்தலுக்குள்ளிருந்து கிளுக்கென்று சிரித்தாள். அண்ணனுக்கு வாய் குழறியது. "பிரசாதம் எடுக்கோணுமில்ல? பிரசாதம் எடுக்காம எப்பிடிங்க?"

"பொங்கல் இருக்குது, கறி இருக்குது. வவுறு நெறைய எடுங்க பிரசாதம். யாரு வேண்டாங்கறா?"

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவரும் அந்தப் பாட்டிலில் பங்குள்ளவர்தான். தலையைச் சொறிந்தார், முனியப்பனைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "அந்தப் புள்ள சொல்றது நாயந்தானுங்க. கேட்டது சாமி. அவருக்கே போகட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. "ஆனா வேண்டுதல் தீக்கறவன் கையாலதான் ஊத்தோணும்" என்றார்.

அண்ணன் திறந்த பாட்டிலைத் தம்பி கையில் கொடுத்தார்.

இத்தனை மாதமாக நான் எழுதிக் கொண்டுபோன கேள்விகளெல்லாம் அங்கே எனக்கு அற்பமாகத் தெரிந்தன. சேலத்து விடுதியில் என் தம்பிக்கும் பாட்டிலுக்கும் நடுவே பூட்டிய கேட் இருந்தது. இந்த மனிதருக்கும் பாட்டிலுக்கும் நடுவில் எதுவும் இல்லை. கையிலேயே இருந்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள், முன்னால் சாமி, குடித்தாலும் பிரசாதம் என்று சொல்லிவிடலாம், ஊரே சரி என்று சொல்லும். ஒரு வாய்தானே என்று தோன்றாதா? அந்த மாத்திரையின் பயம் ஒரு வாய்க்கு முன்னால் எத்தனை நேரம் நிற்கும்? ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று என் கால் துடித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாலேயே கம்முனு இருங்க என்றாள். இருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரங்களில் அதைப் போல வலித்தது வேறில்லை.

அவர் பலிபீடத்துக்கு முன்னால் குனிந்து பாட்டிலைச் சாய்த்தார். களக் களக் என்று கொட்டியது. வெயிலில் காய்ந்த மண் உறிஞ்சியது. அந்த நெடி எழும்பி எங்கள் எல்லார் மூக்கிலும் ஏறியது. அவர் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டார். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. பங்காளிகளில் ஒருவர், "அடடடா" என்று வாய்விட்டே வருத்தப்பட்டார்.

அடியில் கொஞ்சம் இருக்கும்போது கை நின்றது.

பாட்டில் நேராக நிமிர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு அது முடியவே இல்லை. பங்காளிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தை மட்டும், வீட்டில் காலையில் பழகிய பழக்கமோ என்னவோ, அப்பனையே பார்த்து வாயை ஆவென்று திறந்துகொண்டு நின்றது.

அவர் மகளைப் பார்த்தார். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு எண்ணெயை உதறுவதுபோல இரண்டு மூன்று தடவை உதறிவிட்டு, காலிப் பாட்டிலைப் பீடத்தின் அடியில் படுக்கவைத்தார். விரல்களிலெல்லாம் சாராயம் வழிந்திருந்தது.

அதற்குள் அவள் குடத்துத் தண்ணீரோடு பக்கத்தில் வந்துவிட்டாள். கூடைக்குள் கைவிட்டு அந்தச் சோப்பை எடுத்து, காகிதத்தைப் பல்லால் கிழித்தாள். "கைய நீட்டுங்க" என்றாள். முழங்கை வரைக்கும் நுரை போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள், ஒவ்வொரு விரல் இடுக்காக.

சோப்பு மறந்துபோய் வந்ததல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெள்ளைப் பூ வந்திருந்தாலும் சரி, சிவப்புப் பூ வந்திருந்தாலும் சரி, பூசாரி என்ன சொல்லியிருந்தாலும் சரி, அந்தப் பாட்டில் மண்ணில்தான் போகும் என்று அவள் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறாள். தெரியுமுங்க, தெரியுமுங்க என்று சொன்னாளே, இதைத்தான். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, தம்பி நினைவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இறக்கிவைக்க இடமில்லாமல் சுமந்த ஒன்றை யாரோ வந்து இறக்கி வாங்கிக்கொண்டது போல இருந்தது.

அவள் ஈரக் கையோடு வந்து, "ஏனுங்க்கா, இதுக்குப் போயி? வாங்க, கறி ஆறிப்போவுது" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாரும் பந்திக்கு நகர்ந்த பிறகும் அண்ணன் மட்டும் நகரவில்லை. இலையில் உட்காரும்போது திரும்பிப் பார்த்தேன். ஈர மண்ணுக்கு எதிரில் குந்தியிருந்தார். உள்ளங்கையை அந்த மண்ணில் பதித்து எடுத்தார். திருநீறு போலப் பூசிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். யாரோ கூப்பிட்டதும் தலையைத் தூக்கியவர், நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். கையை வேட்டியில் அவசரமாகத் துடைத்தார். அவர் முகத்தில் இருந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலேயே. காலையில் அந்த ஆளின்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன். கறியில் காரம் அதிகம், அருமையாக இருந்தது.

ஆய்வுத் தலைவரான சென்னைக்காரருக்கு மறுநாள் போன் செய்தேன். "குடித்தாரா, இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்றார். அவ்வளவுதானா என்று பிடித்துக்கொண்டேன். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சோப்பைச் சொன்னேன், குழந்தை வாயைத் திறந்ததைச் சொன்னேன். கட்டிலும் பூட்டும் இல்லாத மருத்துவம் நிற்குமா என்றுதானே கேட்டீர்கள், குடிக்கிற இடத்திலேயே, குடிக்கிறவர்கள் நடுவிலேயே அது நின்றதை நான் கண்ணால் பார்த்தேன், இதை எந்தக் கட்டத்தில் எழுதட்டும் என்று கேட்டேன். ஏதோ காகிதத்தைப் புரட்டுவது கேட்டது. பிறகு, "தனியாக எழுதி அனுப்புங்கள் மேடம்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. எழுதி அனுப்பினேன். எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை, மறுபடி குடிக்கப் போனவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். எதைப் படித்தார்களோ, எதைப் பார்த்தார்களோ, புதன்கிழமை மருத்துவத்தை மூடவில்லை.

ஆனால் அந்த முடிவு தெரிவதற்கு முன்பே, விருந்து முடிந்து வந்த புதன்கிழமையே, எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நான் சத்துணவுக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். வெல்டர் மாத்திரை வாங்க வந்து பெஞ்சில் காத்திருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன்.

ரோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தம்பி உள்ளே இருப்பதைக் கண்டதும் போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. தம்பியைப் பார்க்காமல், நர்சம்மாவையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங், இந்தச் சுகர் மாத்திர எங்க குடுக்கறாங்க?"

நர்சம்மா வாயைத் திறக்குமுன் வெல்டர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்கதானுங்ணா," என்றார். "வாங்க, உக்காருங்க."